முதிர்ந்த எருமையும் அடுத்த கன்றும்

திருகோணமலை என்றவுடன் கப்பல்களே பலருக்கும் நினைவில் எழும். உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் பெயர்பெற்ற அந்த நீர்ப்பரப்பின் பெருமை சொல்லி முடியாதது. ஆயினும், கொட்டியாரக் குடாவிலே மகாவலி கங்கை வந்து கலக்கின்ற மூதூர்ப் பக்கத்திலும், கிண்ணியாவிலும், தம்பலகாமத்து வயல்வெளிகளிலும், கந்தளாய்க் குளத்தை அண்டிய ஊர்களிலும் வேறொரு செல்வம் உண்டு. அதுதான் எருமைப் பட்டி. கப்பலை ஒருநாளும் எண்ணிப் பாராமல், பட்டியையும் பால்முட்டியையும் எண்ணியே பொழுது விடிகின்ற வீடுகள் அங்கே பல. சட்டியிலே கட்டியாக உறைந்து சந்தைக்கு வரும் தயிர் அவ்வீடுகளின் உழைப்பு. பசுப்பாலில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் இருக்கின்ற கொழுப்பு எருமைப்பாலில் ஏழு பங்கு வரையில் இருப்பதனாலேயே அத்தயிர் அவ்வாறு உறைகின்றது.

பட்டி வைத்திருப்போர் யாவரும் என்றேனும் ஒருநாள் சந்திக்க வேண்டிய வினா ஒன்று உண்டு. அவ்வினாவை ஒரு வீட்டின் வாயிலாகப் பார்ப்பது எளிது.

எட்டு ஈற்றுக் கண்ட எருமை ஒன்று. பட்டியிலே மூத்தது அதுவே. அது எழுந்தால் மற்றவை எழும். அது இறங்கிய துறையிலேயே மற்றவையும் நீருக்கு இறங்கும். எட்டாம் ஈற்றின் கன்று பால் மறந்துவிட்டது. “இன்னும் ஒரு கன்று எடுக்கலாம், பாலுக்கும் ஒரு வழி பிறக்கும்” என்கிறார் வீட்டுக்காரர். “எட்டுக் கன்று தந்தது போதும். ஒன்பதாவதற்கு ஆசைப்பட்டுத் தாயையே இழந்துவிடக் கூடாது” என்கிறார் மனைவி. இருவர் சொல்லிலும் நியாயம் உண்டு. ஈற்று நன்றாக அமைந்தால் பல மாதப் பாலும் ஒரு கன்றும் கிடைக்கும். அமையாவிட்டால் தாயும் கன்றும் பாலும் ஒருங்கே போய்விடும். இதனை எவ்வாறு தீர்மானிப்பது?

வயது என்ன என்று கேட்பதே எல்லோருடைய முதல் வழக்கம். எருமைக்குப் பிறப்புப் பதிவு கிடையாது. வாயைத் திறந்துதான் பார்க்க வேண்டும். மாட்டினத்துக்கு மேல்தாடையின் முன்புறத்தில் பற்கள் இல்லை. கீழ்த்தாடையில் மட்டும் எட்டு வெட்டுப் பற்கள் உண்டு. பாற்பற்கள் விழுந்து, நிலையான பற்கள் இரண்டிரண்டாக முளைத்து, ஐந்து ஆறு வயதளவில் எட்டும் நிறைந்துவிடும். அதன்பின்னர் பல் தேய்வதைக் கொண்டு வயதை மதிப்பிடலாமேயன்றித் திட்டமாகச் சொல்ல முடியாது. எருமை இருபது வயதைத் தாண்டியும் வாழக்கூடிய பிராணி. ஆதலால் வயது ஒன்றையே கொண்டு தீர்ப்புக் கூறுவது பொருந்தாது. ஆனால் பல்லைப் பார்ப்பது வேறொரு காரணத்தால் அவசியம். பல் முற்றாகத் தேய்ந்தும் ஆடியும் போன மாடு வயிறு நிறைய மேய முடியாது. தன் வயிற்றையே நிரப்ப இயலாதது வயிற்றிலுள்ள கன்றை எவ்வாறு வளர்க்கும்?

இரண்டாவது பார்க்க வேண்டியது ஈற்று வரலாறு. குதிரை வளர்ப்போரிடமும் இதே வினா நெடுங்காலமாக இருந்து வருகின்றது. பெட்டைக் குதிரை ஏறக்குறைய பதினொரு மாதம் சினை சுமப்பது. பதினைந்து வயதைக் கடந்தும் ஒருமுறையேனும் குட்டி ஈனாத குதிரையைக் காட்டிலும், அதே வயதில் ஒழுங்காக ஈன்றுவந்த குதிரையே நம்பத் தக்கது என்பது அவர்கள் கண்ட உண்மை. எருமைக்கும் அது பொருந்தும். முந்திய ஈற்றுகள் எவ்வளவு இடைவெளியில் நிகழ்ந்தன, நஞ்சுக்கொடி தானாக விழுந்ததா, கன்று நேராக வந்ததா என்பவை வயதைவிட அதிகம் பேசும்.

அவ்வரலாற்றிலே ஒரு செய்தி மற்றெல்லாவற்றிலும் பெரிது. எருமைகளுக்குக் கருவழியோ கருப்பையோ வெளியே தள்ளும் நோய் அரிதன்று. ஒருமுறை தள்ளிய மாட்டுக்கு அடுத்த ஈற்றிலும் அது நேரக்கூடும். தாயின் அத்தன்மை கன்றுகளுக்கும் இறங்கலாம் என்பதால், அத்தகைய மாட்டை மீண்டும் சினைப்படுத்தாமல் விடுவதே அறிவுடைமை. அவ்வாறே சினை கலைந்த வரலாறு இருந்தால், புரூசெல்லா என்னும் தொற்று உண்டோ என்பதை மிருக வைத்தியரைக் கொண்டு இரத்தப் பரிசோதனையால் அறிதல் வேண்டும். அந்நோய் காய்ச்சாத பால் வழியாகவும், கலைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் தொடுவதாலும் மனிதரையும் பற்றும்.

மூன்றாவது உடம்பின் தேற்றம். விலா எலும்புகள் தூரத்திலிருந்தே எண்ணத் தக்கனவாகவும், வாலடியின் இருபுறமும் குழிந்தும் இருக்கும் மாடு சினைப்பிடிப்பதே கடினம். பிடித்தாலும் தாங்குவது அதனினும் கடினம். மேலும், எருமையின் வேட்கை வெளியே தெரிவது குறைவு. பசுவைப் போல அது கத்தி அறிவிப்பதில்லை. பெரும்பாலும் இரவின் குளிர்ச்சியிலேயே வேட்கை தோன்றும். ஆதலால் முதிர்ந்த மாடு சினைப்படாமல் மாதங்கள் கழிவதும், அதனை எவரும் அறியாதிருப்பதும் இயல்பே.

நான்காவது கடா. பட்டியிலே நிற்கின்ற கடா பல வேளைகளில் அப்பட்டியிற் பிறந்ததே. மூத்த எருமைக்கு அது மகனாகவோ பேரனாகவோ இருக்கக்கூடும். இரத்த உறவு நெருங்கினால் பிறக்கும் கன்று நலிந்திருக்க வாய்ப்புண்டு. வேற்றூர்க் கடாவை மாற்றிக்கொள்வது ஒரு வழி. மிருக வைத்திய அலுவலகத்தின் மூலம் செயற்கை முறையிற் சினைப்படுத்துவது மற்றொரு வழி. இந்தியாவிலிருந்து வந்த முர்ரா, பாகிஸ்தானிலிருந்து வந்த நீலி-ராவி முதலிய பெரிய இனங்கள் பாலைப் பெருக்குவன. ஆனால் சிறிய உடலமைப்புக் கொண்ட நாட்டெருமை, தள்ளாத வயதிலே பெரிய கன்றைச் சுமந்து ஈனுவது எளிதன்று என்பதையும் மறத்தல் ஆகாது.

ஐந்தாவது காலக் கணக்கு. பலரும் எண்ணாது விடுவது இதுவே. எருமையின் சினைக்காலம் ஏறக்குறைய 310 நாள். அதாவது பத்து மாதமும் பத்து நாளும். கடாவை இன்று சேர்ப்பவர் பத்து மாதம் தள்ளி நின்று பார்க்க வேண்டும். தை மாதத்திலே மழை முடிந்து புல் தழைத்திருக்கின்றது என்று சினைப்படுத்தினால், ஈற்றுக் காலம் கார்த்திகை, மார்கழியில் வந்து விழும். அது வடகீழ்ப் பருவமழை கொட்டும் காலம். வயல்களிலே பெரும்போக வேளாண்மை நிற்பதால் பட்டிகள் மேட்டு நிலங்களிலும் காட்டோரங்களிலும் ஒதுங்கியிருக்கும் காலமும் அதுவே. 2022 டிசம்பரிலே சூறாவளியோடு வந்த குளிர் காற்றினால் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் மாண்டன. அத்தகைய இரவிலே ஒரு முதிய எருமை கன்று ஈனுமானால், தாயையும் ஈரக் கன்றையும் காப்பது எவர்க்கும் அரிது.

ஐப்பசியிலே சினைப்பட்டால் ஈற்று ஆவணி, புரட்டாதியில் வரும். அது கச்சான் காற்று வீசிக் குளங்கள் வற்றிக் கிடக்கும் கோடையின் கடைப்பகுதி; தாய்க்குத் தீனியும் இல்லை, புரள நீரும் இல்லை. பங்குனியிலே சினைப்பட்டால், ஈற்றுத் தையின் முற்பகுதி தொடக்கம் மாசியின் முற்பகுதி வரையில் அமையும். மழை ஓய்ந்திருக்கும், புல் இருக்கும், அரிவெட்டு முடிந்த வயல்கள் சிறிது காலத்திலே மேய்ச்சலுக்குத் திறக்கும். கன்று வயிற்றில் மிகுதியாக வளர்வது கடைசி மூன்று மாதங்களில் ஆதலால், மழைக்காலத்துக்கென வைக்கோலும் தவிடும் புண்ணாக்கும் முன்னரே சேர்த்து வைத்தல் வேண்டும். நல்ல பல்லும் நல்ல வரலாறும் கொண்ட முதிய மாட்டுக்கு இம்மாவட்டத்திலே ஏற்ற மாதம் பங்குனியே.

இறுதியாக ஒரு வினா எஞ்சுகின்றது. அடுத்த கன்று எதற்காக? தாயின் குணமும் பாலும் பட்டியிலே நிலைக்க வேண்டும் என்பதற்காகவாயின், அதன் மகள் ஏற்கெனவே பட்டியில் உண்டோ என்று பார்க்க வேண்டும். மகள் இருக்குமானால் தாயின் வழி அறுந்துவிடவில்லை. பிறக்கும் கன்று பெண்ணாகவே இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. பாதிக்குப் பாதி கடாக்கன்றே வரும். வயலிலே எருமை கட்டி மிதித்துச் சூடடித்த நாளில் கடாவுக்கு மதிப்பிருந்தது. இயந்திரங்கள் வந்தபின் அம்மதிப்பு மிகவும் குறைந்துவிட்டது.

கன்று ஈனாத மாட்டுக்கு எவர் தீனி போடுவார் என்று கேட்போரும் உண்டு. மேய்ச்சல் தரை சுருங்கிவரும் காலத்திலே அது பொறுப்பற்ற கேள்வியன்று. எருவையும், பட்டியை வழிநடத்தும் அதன் பழக்கத்தையும் கணக்கிற் சேர்த்தாலும், வைத்திருப்பதா விடுவதா என்பது அவரவர் வீட்டு நிலைமையைப் பொறுத்தது. ஆனால், போடும் தீனிக்கு ஈடு காட்டுவதற்காகவே தாங்காத மாட்டைச் சினைப்படுத்துவது மட்டும் எந்தக் கணக்கிலும் இலாபம் ஆகாது.

முதலிற் கண்ட வீட்டிலே, இவ்வினாக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள் என்று கொள்வோம். பல் தேய்ந்திருந்தாலும் உறுதியாக இருந்தது. உடம்பிலே தேற்றம் இருந்தது. காலமும் பங்குனியே. வீட்டுக்காரருக்கு முகம் மலர்ந்தது. அப்பொழுது மனைவி சொன்னார்: “சென்ற ஈற்றன்று நீங்கள் வயற்காவலில் இருந்தீர்கள். கன்று விழுந்தபின் கருப்பை வெளியே வந்துவிட்டது. மருத்துவர் வரும்வரை ஈரத் துணியால் அதனைத் தாங்கிக்கொண்டிருந்தது நான்தான்.” விடியற்காலையில் வீடு திரும்பியவர் கண்டது எழுந்து நின்ற மாட்டையும் பால் குடித்த கன்றையும் மட்டுமே. மற்றதை அவர் சொல்லக் கேட்டிருந்தும் மறந்துவிட்டார். பாலின் அளவை ஒருவர் நினைவில் வைத்திருந்தார். அந்த இரவை மற்றவர் நினைவில் வைத்திருந்தார். அதற்குமேல் அங்கே வாதம் எழவில்லை.

அவ்வாண்டு பங்குனியிலே வேற்றூர்க் கடாவுக்குச் சேர்க்கப்பட்டது அம்மாட்டின் மகளாகிய ஆறாம் ஈற்று நாகு. தாய் வழக்கம்போல முன்னே நடந்தது. பட்டி அதன் பின்னே குளத்துக்கு இறங்கியது. பட்டியைக் கட்டிக் காப்பது மாட்டைச் சினைப்படுத்தும் திறமை மட்டுமன்று. எந்த மாட்டை எப்பொழுது நிறுத்துவது என்று அறியும் நிதானமும் அதில் அடங்கும். அந்த நிதானத்துக்கு வேண்டியது பல்லைப் பார்க்கும் கண்ணும், பத்து மாதம் எண்ணும் விரலும், சென்ற ஈற்றின் இரவில் விழித்திருந்தவர் சொல்லைக் கேட்கும் செவியுமே.