அரண்மனை ஊழியரும் அரசனும்



இறைவாக்கினர் எரேமியாவின் நூலில் 38-ஆம் அதிகாரத்துக்கு நாம் இன்று வருகிறோம். காலம் கி.மு. 587-ஐ ஒட்டியது. பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருக்கின்றனர். நகரில் அப்பம் தீர்ந்துகொண்டு வருகிறது. வெளியேறிச் சரணடைவோர் பிழைப்பர் என்று எரேமியா அறிவித்தார். படைவீரரின் மனத்தை உடைக்கிறார் என்று தலைவர்கள் கொதித்தார்கள். செதேக்கியா அரசனோ, உங்களைத் தடுக்க என்னால் ஆகாது என்று கையை விரித்துவிட்டான். அவரைக் கயிற்றால் கட்டிப் பாழுங்கிணற்றில் இறக்கினார்கள். உள்ளே தண்ணீர் இல்லை, சேறுதான்.

செய்தி அரண்மனை ஊழியர் எபேது மெலேக்கின் காதில் விழுந்தது. எகிப்துக்குத் தெற்கே இருந்த கூசு நாட்டவர், அண்ணகர். அவர் பெயருக்கு எபிரேயத்தில் 'அரசனின் ஊழியன்' என்றே பொருள். பெயரா வேலையா என்று பிரிக்க முடியாத பெயர்!

அரசன் அப்போது பென்யமின் வாயிலில் அமர்ந்திருந்தான். நகர வாயில் என்றால் அந்நாளில் நாலு பேர் கூடி வழக்குப் பேசும் இடம். அரண்மனைக்குள் காதோடு காதாகச் சொல்லியிருக்கலாம். அரசனே பின்னர் எரேமியாவை மறைவாக அழைத்துத்தானே பேசினான்! ஊழியரோ வாயிலுக்கே போனார். இவர்கள் செய்தது தீமை, அவர் பசியால் அங்கேயே இறந்துபோவார் என்றார். சுற்றி வளைக்கவில்லை.

தலைவர்களுக்கு அஞ்சிய அதே அரசன் இவர் சொல்லுக்கு இணங்கினான். முப்பது பேரைக் கூட்டிப் போ என்றான். (மூன்று என்று வாசிப்போரும் உண்டு.) ஒருவரைத் தூக்க முப்பது பேர் எதற்கு? தலைவர்கள் குறுக்கே வந்தால் தடுக்கத்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

இனி வருவதை நாம் மெதுவாக வாசிக்க வேண்டும். அவர் நேரே கிணற்றுக்கு ஓடவில்லை. கருவூலத்தின் கீழறைக்குப் போய்க் கிழிந்த பழந்துணிகளை எடுத்தார். கயிற்றில் அவற்றை இறக்கி, அக்குளில் வைத்து அதன்மேல் கயிற்றை மாட்டிக்கொள்ளும்படி எரேமியாவுக்குச் சொன்னார். சேற்றில் கிடந்து நொந்த உடம்பை வெறுங்கயிறு அறுத்துவிடும் அல்லவா? அரசனின் ஆணையில் துணியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

எரேமியா மேலே வந்தார். ஆனாலும் காவல்கூட முற்றத்திலேயே வைக்கப்பட்டார். பின்பு நகர் வீழ்ந்தது. செதேக்கியாவின் புதல்வர் அவன் கண்முன்னே கொல்லப்பட்டனர். அவன் கண்கள் பிடுங்கப்பட்டு, விலங்கோடு பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டான்.

நகர் வீழுமுன், எபேது மெலேக்குக்கென்றே எரேமியா வழியாக ஆண்டவரின் வாக்கு வந்தது. அவர் வாளுக்கு இரையாகமாட்டார். அவர் அஞ்சுகிற மனிதரின் கையில் விடப்படவும்மாட்டார். அவர் அஞ்சிக்கொண்டிருந்தார் என்பதே இங்கேதான் நமக்குத் தெரியவருகிறது. வாயிலில் பேசிய அன்று அதன் சாடைகூட இல்லை.