பொய் சொன்ன ஆன்டிபாடி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

இதை நீங்க எத்தனை மணிக்குக் கேக்குறீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா உங்க கல்லீரலுக்குத் தெரியும். சும்மா சொல்லல. உடம்போட ஏறக்குறைய எல்லா செல்லுக்குள்ளயும் ஒரு கடிகாரம் ஓடுது. அந்தக் கடிகாரத்தைப் பார்க்கப் போய் நான் எட்டு மாசம் ஏமாந்த கதைதான் இன்னிக்கு.

முதல்ல கடிகாரம். 1971-ல ரொனால்ட் கொனொப்கா, சீமோர் பென்சர்னு ரெண்டு பேர் பழ ஈக்கள்ல ஒரு மரபணுவைக் கண்டுபிடிச்சாங்க. அது பழுதானா ஈயோட ஒரு நாள் 19 மணி நேரமா சுருங்கும், இல்ல 28 மணி நேரமா நீளும், இல்ல தாளமே இருக்காது. மரபணுவுக்குப் பேரு ‘பீரியட்’. அதிலிருந்து உருவாகும் புரதம் பெர். இந்தப் புரதம் செல்லுக்குள்ள சேர்ந்துகிட்டே போய், உட்கருவுக்குள்ள நுழைஞ்சு, தன்னை உருவாக்குற மரபணுவையே அணைச்சிடும். அப்புறம் மெல்ல அழியும். அழிஞ்சதும் மரபணு மறுபடி வேலையை ஆரம்பிக்கும். ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 24 மணி நேரம். இந்த வழிமுறையைக் கண்டறிஞ்சதுக்குத்தான் 2017-ல ஹால், ராஸ்பாஷ், யங் மூணு பேருக்கும் நோபல் பரிசு.

சரி, கண்ணுக்குத் தெரியாத ஒரு புரதம் ஏறுது, இறங்குதுன்னு எப்படிப் பார்க்குறது? அங்கதான் ஆன்டிபாடி வருது. கோவிட் காலத்துல எல்லாரும் கேட்ட அதே வார்த்தை. நமக்கு வேணும்கிற புரதத்தோட ஒரு சின்னத் துண்டை முயலுக்கு ஊசி போடுவாங்க. முயலோட உடம்பு அதை எதிரின்னு நினைச்சு ஆன்டிபாடி தயாரிக்கும். அதை ரத்தத்துல இருந்து பிரிச்சு எடுத்தா, ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நடுவுல அந்த ஒண்ணை மட்டும் போய்ப் பிடிக்கும். பிடிக்கணும்.

1988-ல கேத்லீன் சிவிக்கி குழு இப்படித்தான் பெர் புரதத்துக்கு ஆன்டிபாடி தயாரிச்சு ஈயோட தலைக்குள்ள பார்த்தாங்க. கண் பகுதியில சாயம் நடுராத்திரி அடர்த்தியா ஏறுது, அப்புறம் மங்குது. அந்தப் புரதம் நாளோட சேர்ந்து ஏறி இறங்குறது அப்படித்தான் கண்ணால தெரிஞ்சது.

இப்ப என் கதை. வெளிச்ச நேரத்தை மாத்தி மாத்தி வச்சா சுண்டெலியோட கல்லீரல் கடிகாரம் என்ன ஆகும்? இதுதான் கேள்வி. நைட் ஷிஃப்ட் பார்க்குறவங்களை மனசுல வச்சு ஆரம்பிச்ச வேலை. 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை சாம்பிள், ராத்திரி மங்கலான சிவப்பு வெளிச்சத்துல. எலிகளோட கடிகாரத்தைப் பார்க்கப் போய் என் தூக்கம் போனதுதான் முதல் ரிசல்ட். (சிரிப்பு)

சாதாரண எலிகள்ல பெர்-2 புரதம் அழகா பகல்ல குறைஞ்சது, ராத்திரி ஏறிச்சு. வெளிச்சம் மாத்தின எலிகள்ல? ஆறு நேரத்துலயும் ஒரே அளவு பட்டை. தட்டையான கோடு. கடிகாரமே நின்னு போச்சு! மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி அனுப்பிட்டேன்.

லேப் மீட்டிங்ல சீனியர் அக்கா ஒருத்தங்க ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. “நாக்அவுட் சாம்பிள் ஓட்டினியா?” நாக்அவுட்னா பெர்-2 மரபணுவை எடுத்துட்ட எலி. அதுல அந்தப் புரதமே இருக்காது. அதனால பட்டையும் வரக்கூடாது.

“பழைய ட்யூப்ல ஓட்டினோமே அக்கா, சுத்தமா இருந்துச்சு.”

“இது அதே ட்யூபா?”

ட்யூபை எடுத்துப் பார்த்தேன். அதே கம்பெனி, அதே பேரு. லாட் நம்பர் மட்டும் வேற. நடுவுல பழசு தீரப்போகுதுன்னு புதுசு வாங்கியிருந்தோம். சாதாரண எலிகள் பழைய லாட்ல, வெளிச்சம் மாத்தின எலிகள் புது லாட்ல. இந்த வகை ஆன்டிபாடி பல ஆன்டிபாடிகளோட கலவை. முயல் மாறினா கலவையும் மாறும்.

புது லாட்ல நாக்அவுட் ஓட்டினேன். அதே இடத்துல, அதே பட்டை. இல்லாத புரதத்தை அது காட்டுது. அதாவது ஏறக்குறைய அதே எடையுள்ள வேற எதையோ பிடிச்சிருக்கு. அந்த வேற எதுக்கோ தாளம் கிடையாது. அதைத்தான் நான் ‘கடிகாரம் நின்னுச்சு’ன்னு படிச்சிருக்கேன்.

அன்னிக்கு ராத்திரி மாநாட்டுக்கு மெயில் போட்டுச் சுருக்கத்தைத் திரும்ப வாங்கினேன். கை நடுங்கிச்சு, உண்மையாவே.

ஃப்ரீஸர்ல பழைய லாட் ஒரு துளி மிச்சம் இருந்தது. அதை வச்சு, எல்லா சாம்பிளையும் ஒண்ணா, நாக்அவுட்டையும் பக்கத்துலயே வச்சு ஓட்டினேன். கடிகாரம் நிக்கல. ஏறி இறங்குது. உச்சம் மட்டும் சில மணி நேரம் தள்ளிப்போயிருக்கு.

நின்ன கடிகாரமும் தள்ளிப்போன கடிகாரமும் ஒண்ணு இல்ல. தள்ளிப்போனதைத் திருப்பி வைக்க முடியுமான்னு அடுத்த கேள்வி கேக்கலாம். நின்னுபோச்சுன்னு நான் எழுதியிருந்தா, அந்தக் கேள்வியே வந்திருக்காது.

இப்ப புது ட்யூப் வந்தா முதல் வேலை, லாட் நம்பரை நோட்டுல எழுதுறது. ரெண்டாவது வேலை நாக்அவுட். ஒண்ணுமே தெரியக்கூடாத இடத்துல ஒண்ணும் தெரியலன்னு பார்த்த பிறகுதான், தெரியுறதை நம்புறேன்.

மணி என்ன ஆச்சு? லேட்டா இருந்தா போய்த் தூங்குங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.