23 நிமிடக் கணக்கு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் பலருக்குப் பிள்ளைகள் வெளியூரில். நல்லது கெட்டது என்றால் அவர்கள் வர வேண்டும், இல்லையென்றால் நாம் போக வேண்டும். அவசரத்தில் போனை எடுத்து, "புதுச்சேரி – சேலம் விமானத்தில் எவ்வளவு நேரம்?" என்று தட்டிப் பார்க்கிறோம். அந்த விடையை எப்படிப் படிப்பது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

லாஸ்பேட்டையிலிருந்து சேலம் காமலாபுரம் விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 190 கிலோமீட்டர். இரண்டும் சின்ன நிலையங்கள். ஏ.டி.ஆர். 72 மாதிரி விசிறி வைத்த விமானங்கள்தான் வந்துபோகின்றன. அதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வகுத்தால் 23 நிமிடம்!

ஆனால் அந்த இரண்டு ஊருக்கும் நேரடி விமானம் இல்லை. பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ போய் மாறினால் அரை நாள் போய்விடும். இங்கிருந்து பண்ருட்டி, உளுந்தூர்பேட்டை, ஆத்தூர் வழியாகக் காரில் போனால் நாலரை மணி நேரத்தில் சேலம். ஆக, தூரம் தெரிந்தால் போதாது. விமானம் உண்டா என்று முதலில் பாருங்கள்.

சரி, நேரடி விமானம் இருக்கும் ஊருக்கு? 2024 டிசம்பர் 20 முதல் புதுச்சேரியிலிருந்து பெங்களூருக்கு மீண்டும் விமானம் ஓடுகிறது. நேர்க்கோட்டில் சுமார் 265 கி.மீ.; வகுத்தால் 32 நிமிடம். கால அட்டவணையிலோ ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது, பெரிய நிலையத்தில் முறைக்குக் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம்.

வங்கியில் வட்டியை மட்டும் பார்த்துக் கடன் வாங்கினால் மற்ற கட்டணங்கள் பின்னால் வந்து நிற்கும். இதுவும் அப்படித்தான். தேவனாம்பட்டினத்திலிருந்து லாஸ்பேட்டைக்கு 1 மணி. முன்கூட்டியே போய் உட்கார ஒன்றரை. பறக்க ஒன்றேகால். பெட்டி எடுத்து வெளியே வர அரை. தேவனஹள்ளியிலிருந்து நகருக்குள் போக ஒன்றரை. கூட்டினால் ஐந்தே முக்கால் மணி. காரில் ஏழு மணி நேரம். மிச்சம் ஒன்றேகால் மணிதான். முட்டி வலிக்காரர்களுக்கு விமானம் சௌகரியம், மறுக்கவில்லை.

ஆனால் இரவு ஒன்பது மணிக்கு ஒரு கெட்ட செய்தி வந்தால்? விமானம் மறுநாள்தான். உடனே காரில் கிளம்பினால் விடியும் முன் போய்ச் சேரலாம். கடைசியாக ஒரு முகம் பார்ப்பது இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். நேரடி விமானம் உண்டா, அது எந்த நேரத்துக்கு என்று முதலில் பாருங்கள். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கூட்டுங்கள். மாறிப் போவதானால் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், அடுத்ததைத் தவறவிட்ட பணம் நம் தலையில்தான்.

நாளைக்கு நம் மாவட்டத்து நெய்வேலியிலிருந்து விமானம் பறந்தாலும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டே டிக்கெட் எடுங்கள்.