பிள்ளைக்குக் குதிரையேற்றம்: பெற்றோரின் அமானிதம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால் ஆரம்பிக்கின்றேன்.

 

ஏப்ரல் விடுமுறையில் நுவரெலியாவுக்குச் சென்று திரும்பும் சிறுவர்களிடம் ஓர் ஆசை தொற்றிக்கொள்வதுண்டு. கிறகரி வாவிக் கரையில் மட்டக்குதிரையொன்றின் மேல் ஏறி ஒரு சுற்று வந்த பிள்ளை, வீட்டுக்கு வந்த பின்னரும் குதிரையைப் பற்றியே பேசும். “வாப்பா, எனக்குக் குதிரை ஓட்டப் பழக்கித் தாருங்கள்” என்று ஆறு வயதுப் பிள்ளை கேட்குமாயின், நாம் என்ன விடை கூறுவோம்? செல்வந்தர்களின் விளையாட்டு நமக்கெதற்கு என்று சிலர் மறுத்துவிடுவர். வேறு சிலரோ ஸுன்னத்தான காரியம் என மகிழ்ந்து, எதனையும் விசாரியாது அடுத்த வாரமே பிள்ளையைக் குதிரை மேல் இருத்திவிடுவர். இவ்விரு விடைகளையும் விடச் சிறந்த விடையொன்றை நமது மார்க்கம் கற்றுத் தருகின்றது.

குதிரைக்கு இஸ்லாத்தில் தனிமதிப்பு உண்டு. அல்குர்ஆனின் நூறாவது அத்தியாயமாகிய ஸூரத்துல் ஆதியாத், மூச்சிரைக்க விரைந்தோடும் குதிரைகளின் மீது அல்லாஹ் சத்தியம் செய்வதுடன் ஆரம்பமாகின்றது. குதிரையின் நெற்றி மயிரில் மறுமை நாள் வரை நன்மை பிணைக்கப்பட்டிருப்பதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். வீணான பொழுதுபோக்கில் சேராதவை எனச் சிலவற்றை அவர்கள் எடுத்துரைத்தபோது, அம்பெய்தல், நீச்சல், குடும்பத்தினருடன் விளையாடுதல் ஆகியவற்றோடு குதிரையைப் பழக்குவதையும் சேர்த்தே குறிப்பிட்டார்கள். பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் கற்பியுங்கள் என்ற வாசகத்தை நபிமொழி என்றே நம்மில் பலர் கூறி வருகின்றனர். எனினும் அது உமர் (ரழி) அவர்களின் கூற்றாகவே பெரிதும் அறியப்படுகின்றது. நபியவர்களின் பெயரால் ஒன்றைக் கூறுமுன் அதனை உறுதிப்படுத்திக்கொள்வது நம்மீது கடமையாகும்.

இங்கே ஒரு சம்பவத்தை நீங்கள் சிந்தித்துப் பார்க்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கின்றோம். நன்கு பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஐந்து அல்லது ஆறு மைல் தூரம் நிர்ணயிக்கப்பட்டது. பயிற்சி பெறாத குதிரைகளுக்கோ, ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையான ஏறத்தாழ ஒரு மைல் தூரமே விதிக்கப்பட்டது. ஒரே நகரம், ஒரே பந்தயம். எனினும் தகுதிக்கேற்ப இரு வேறு அளவுகள்!

மனிதர் விடயத்திலும் இவ்வாறே நடந்தது. உஹத் யுத்தத்தின்போது பதினான்கு வயதினராயிருந்த இப்னு உமர் (ரழி) அவர்கள் ஆவலோடு முன்வந்தும் அனுமதிக்கப்படவில்லை. பதினைந்து வயதில், அகழ் யுத்தத்தின்போதே அனுமதி கிடைத்தது. ஆசை மாத்திரம் தகுதியாகிவிடாது. ஆசை உண்டு என்பதற்காக அளவும் மாற்றப்படவில்லை. வாயில்லாப் பிராணிக்கே இத்துணை கவனம் என்றால், அல்லாஹ் நம்மிடம் அமானிதமாக ஒப்படைத்த பிள்ளைக்கு எத்துணை கவனம் வேண்டும்!

ஆகவே பெற்றோர்களே, முதலில் வயதைப் பாருங்கள். நான்கு, ஐந்து வயதில் பிள்ளை குதிரை மேல் அமரலாம். ஆயினும் கயிற்றைப் பெரியவர் ஒருவர் பிடித்து நடத்த, மற்றொருவர் பக்கத்தில் நடந்து வரவேண்டும். சொன்னதைக் கேட்டு, இரு கைகளையும் கால்களையும் தனித்தனியே இயக்கும் ஆற்றல் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறு, ஏழு வயதளவிலேயே வருகின்றது. ஆரம்பத்தில் அரை மணி நேரப் பாடம் போதுமானது. அதற்கு மேல் சிறு பிள்ளையின் கவனம் சிதறும். கவனம் சிதறும் இடத்தில்தான் விபத்து நிகழும்.

இரண்டாவதாக, பயிற்றும் இடத்துக்கு முதன்முறை பிள்ளையின்றி நீங்கள் மாத்திரம் செல்லுங்கள். பிள்ளை உடனிருந்தால் அதன் ஆவல் உங்கள் கண்ணை மறைத்துவிடும். வேறொரு பிள்ளைக்கு நடைபெறும் பாடமொன்றை ஆரம்பம் முதல் இறுதி வரை நின்று பாருங்கள். பயிற்சி நிலம் வேலியிடப்பட்டுள்ளதா? ஆசிரியர் பிள்ளையை விட்டுக் கண்ணெடுக்காதிருக்கின்றாரா? கையில் தொலைபேசியுடன் நிற்கின்றாரா? அஞ்சி அழும் பிள்ளையை அதட்டுகின்றாரா, அன்றி இறக்கிவிட்டு ஆறுதல் கூறுகின்றாரா? முதலுதவி அறிந்தவர் உள்ளனரா? இவற்றை விசாரிக்க வெட்கப்பட வேண்டாம். நல்ல ஆசிரியர் இக்கேள்விகளை வரவேற்பார். சினங்கொள்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டாம்.

சுற்றுலாத்தலத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்துச் சுற்றி வருவது சவாரியேயன்றிப் பயிற்சி ஆகாது. பயிற்சி என்பது குதிரையின் அருகில் செல்லும் முறையிலிருந்தே தொடங்குகின்றது. பின்புறமாகச் செல்லாது, குதிரை காணும்படி தோள்பக்கமாக அணுகவும், அதனைத் துடைத்துச் சுத்தம் செய்யவும், சேணம் பூட்டவும், கடிவாளத்தை வெடுக்கென்று இழுக்காதிருக்கவும் பிள்ளை கற்க வேண்டும்.

மூன்றாவதாக, குதிரையைப் பாருங்கள். இளங்குதிரையும் இளம்பிள்ளையும் ஒன்றையொன்று பழக்க இயலாது. பல பிள்ளைகளைச் சுமந்து பழகிய, வயது முதிர்ந்த, சாந்தமான மட்டக்குதிரையே ஆரம்பப் பாடத்துக்கு ஏற்றது. அதன் விலா எலும்புகள் துருத்தி நிற்கின்றனவா, சேணத்தின் கீழ்ப் புண் உண்டா, குளம்புகள் வெடித்துள்ளனவா, அருந்த நீரும் நிற்க நிழலும் உண்டா என்பவற்றைக் கவனியுங்கள். மதீனாவில் ஒரு தோட்டத்தில் நின்ற ஒட்டகம் நபி (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் விட்டபோது, அதனைப் பட்டினி போட்டு வேலை வாங்கிய உரிமையாளரை அவர்கள் கண்டித்தார்கள். தன் பிராணிக்கு இரங்காதவர், உங்கள் பிள்ளைக்கு இரங்குவார் என எதனைக் கொண்டு நம்புவது? பிராணியை வதைத்துப் பெறும் பயிற்சியில் பரக்கத்தும் இராது.

நான்காவதாக, பாதுகாப்பு. குதிரையேற்றத்துக்கென்றே செய்யப்பட்ட, தாடைப்பட்டியுடன் தலைக்குச் சரியாகப் பொருந்தும் தலைக்கவசம் இன்றி ஒரு நிமிடமும் பிள்ளை குதிரை மேல் இருத்தல் கூடாது. துவிச்சக்கர வண்டிக்குரிய கவசம் இதற்குப் போதாது. பலத்த அடிபட்ட கவசத்தை மீண்டும் அணியலாகாது. கவசத்தின் கீழே தடித்த தொப்பியை அணிவிக்க வேண்டாம், கவசம் தளர்ந்துவிடும். அங்கவடியில் பாதம் முழுவதும் நுழைந்து சிக்கிக்கொள்ளாதவாறு, சிறு குதியுடைய பாதணி அவசியம். ஏற்புவலித் தடுப்பூசி உரிய காலத்தில் போடப்பட்டுள்ளதா என்பதையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் கேட்கப்படுகின்றது. ஆயிஷா (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொருட்களிடையே இறக்கைகள் கொண்ட குதிரையொன்று இருந்ததைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் மகிழ்ந்து சிரித்ததை நாம் அறிவோம். பெண்பிள்ளை ஆசைப்பட்டாள் என்பதற்காக அவளது ஆசையை ஏளனம் செய்யலாகாது. தளர்ந்து பறக்கும் நீண்ட முந்தானையும் குத்தூசியும் குதிரை மேல் ஆபத்தானவை. மெல்லிய துணியால் தலையை இறுக மூடி, அதன் மேல் கவசமும், உடலுக்கு நீண்ட மேற்சட்டையும் காற்சட்டையும் அணிவித்தால் மார்க்க ஒழுக்கமும் பாதுகாப்பும் ஒருங்கே பேணப்படும். பெண் ஆசிரியை கிடைப்பின் நன்று. உம்மாவோ வாப்பாவோ பாடம் முடியும்வரை அருகிலிருத்தல் அதனினும் நன்று.

இவையனைத்தையும் செய்த பின்னரும் பிள்ளை விழக்கூடும். நபி (ஸல்) அவர்களே குதிரையிலிருந்து விழுந்து, வலப்புறம் காயமுற்று, அமர்ந்தவாறு தொழுவித்த செய்தி ஸஹீஹான கிரந்தங்களில் உள்ளது. எனவே விழுந்த பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள்; உடனே மீண்டும் ஏறு என்று பலவந்தப்படுத்தாதீர்கள். தலையில் அடிபட்டிருப்பின் வைத்தியரிடம் காட்டாது வீடு திரும்பாதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கும்படி நபியவர்கள் கற்பித்தார்கள். கவசமும் ஆசிரியரும் வேலியும் நாம் கட்டும் கயிறு. அதன் பின்னரே தவக்குல்.

ஒரு சொல் செலவைப் பற்றியும் கூற வேண்டும். நம் நாட்டில் முறையான குதிரையேற்றப் பயிற்சி நிலையங்கள் சிலவே. கிண்ணியாவிலும் அக்கரைப்பற்றிலும் மன்னாரிலும் வாழும் ஒரு தந்தைக்கு அது எட்டாததாக இருக்கலாம். அதற்காகக் கடன்படவும் வேண்டாம். பிள்ளைக்கு ஸுன்னத்தைக் கொடுக்கத் தவறினோம் என வருந்தவும் வேண்டாம். கடலும் குளமும் சூழ்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் உயிர் காக்கும் கல்வி. அதே நபிமொழியில் நீச்சலும் உண்டு. குடும்பத்தினருடன் விளையாடுவதும் உண்டு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக விடியற்காலை முதல் இரவு வரை வகுப்புகளில் வாடும் பிள்ளைக்கு, அஸருக்குப் பின் வாப்பாவுடன் ஓடி விளையாடும் அரை மணி நேரம் எந்தக் குதிரையிலும் மேலானதாக அமையலாம். வசதி உள்ளவர்களோ, கற்பிக்கும்போதே பெருமையும் படப்பிடிப்பும் பந்தயச் சூதும் நெருங்காது காத்துக்கொள்ளட்டும்.

இளைஞர்களே, உங்கள் தம்பி தங்கையர் இவ்வாசையைக் கூறும்போது நீங்களும் பெற்றோருக்கு உதவுங்கள். இடத்தை விசாரித்து வாருங்கள், பாடத்தின்போது உடன் நில்லுங்கள். குதிரையின் நெற்றி மயிரைத் தம் விரலால் சுருட்டியவாறே அதிலுள்ள நன்மையைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் பேசியதை ஜரீர் (ரழி) அவர்கள் கண்டு அறிவித்தார்கள். அந்தக் கனிவோடு ஒரு பிராணியைத் தொடக் கற்ற பிள்ளை, மனிதரிடத்திலும் கனிவோடு நடக்கும், இன்ஷா அல்லாஹ்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை உடல் வலிமையும் உள்ளத்தில் இரக்கமும் உடையோராக ஆக்கி, அவர்கள் விடயத்தில் நம் பொறுப்பைச் சரிவர நிறைவேற்ற அருள்புரிவானாக! ஆமீன்.