புதுசு போட்ட லெப்டொப் ஏன் கொதிக்குது?

(நமுனுகுல தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம லயங்களில் இன்றைக்குப் பழைய லெப்டொப் நிறைய இருக்கிறது. கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் அனுப்பியது, சேமலாப நிதிக் காசில் உயர்தரம் படிக்கிற மகளுக்கு வாங்கியது என்று ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒருத்தருடைய உழைப்பு இருக்கிறது. மெதுவாக ஓடுகிறதே என்று பதுளை டவுனுக்குக் கொண்டுபோய், ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்.எஸ்.டி. போடுகிறோம், ரெம் கூட்டுகிறோம். வீட்டுக்கு வந்தால் அடிப்பக்கம் கொதிக்கிறது. "கள்ளச் சாமான் போட்டு ஏமாத்திட்டாங்க" என்று கோபம் வருகிறது. பெரும்பாலும் குற்றம் புதுச் சாமானில் இல்லை, சூடு வெளியேறும் வழியில் இருக்கிறது.

கொழுந்தை சாக்கில் அமுக்கிக் கட்டி வெயிலில் வைத்தால் என்ன ஆகும்? கையை உள்ளே விட்டால் சுடும், கொழுந்து சிவந்துபோகும். அதையே ஸ்டோரில் பரப்பி அடியிலிருந்து காற்று விட்டால் கெடாது. இதுவும் அப்படித்தான்.

லெப்டொப்பின் மூளையான ப்ரொசெசர், பழைய டிஸ்க் தகவல் தரும்வரை சும்மா காத்திருந்தது. எஸ்.எஸ்.டி. வந்தபின் காத்திருப்பு குறைவு, ஆகவே வேலையும் சூடும் கூடும். விண்டோஸ் புதிதாகப் போட்டிருந்தால் முதல் ஓரிரு நாள் பின்னால் அப்டேட் வேலை நடக்கும். அந்தச் சூட்டுக்குப் பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகும் கொதித்தால்தான் கடைக்காரரிடம் கேட்க வேண்டும்.

என்ன கேட்பது? ப்ரொசெசர் மேலிருக்கும் செம்புத் தகட்டைக் கழற்றினீர்களா என்று கேளுங்கள். கழற்றியிருந்தால் பழைய பசையைத் துடைத்துவிட்டுப் புதுப் பசை பூசியிருக்க வேண்டும். பூசாவிட்டால் சூடு தகட்டுக்கு ஏறாது. பேன் வயரைத் திரும்ப மாட்டினார்களா என்றும் பாருங்கள். கொதிக்கும்போதும் பக்கத்து ஓட்டையில் காற்றே வரவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள்.

எஸ்.எஸ்.டி.யிலும் வகை உண்டு. தட்டையான பெட்டி மாதிரி இருப்பது அதிகம் சுடாது. சுவிங்கம் துண்டு மாதிரி இருக்கும் என்.வி.எம்.இ. அதைவிடச் சுடும்; 70, 80 பாகை செல்சியஸைத் தாண்டினால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பல ப்ரொசெசர்கள் 100 பாகையை நெருங்கும்போது அதையே செய்யும். "புதுசு போட்டும் ஸ்லோதான்" என்று சொல்கிறவர்கள் முதலில் சூட்டைப் பார்க்கட்டும்.

நம்ம ஊர் குளிர்தானே என்று சிலர் நினைக்கிறார்கள். குளிரில் நாம் கம்பளியைப் போர்த்தி மடியில் அல்லவா வைக்கிறோம்! அடியில் உள்ள ஓட்டை அடைபட்டால் நமுனுகுல மலை உச்சியிலும் கொதிக்கும். பலகை மேல் வையுங்கள். நான்கு மூலைக்கும் சோடா மூடி ஒன்று வைத்தால் போதும், காசு கொடுத்து ஸ்டேண்ட் வாங்கத் தேவையில்லை. அடுப்படி வேண்டாம். விறகுப் புகையின் கரி பிசுபிசுப்பானது. கச்சான் காத்து கொண்டுவரும் தூசியும் அதோடு சேர்ந்து பேனில் அப்பிக்கொள்ளும்.

இன்னொன்று, காசில்லாத வைத்தியம். விண்டோஸ் பவர் அமைப்பில் ப்ரொசெசரின் அதிகபட்ச நிலை 100 என்றிருப்பதை 99 ஆக்கினால், பல மெஷின்களில் அந்த மேலதிக வேகம் நின்று சூடு நன்றாகக் குறையும். பாடம் படிக்க, எழுத அந்த வேகமே தாராளம். சில மெஷின்களில் இந்த இடம் தெரியாது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது பெட்டரி. தொடர்ந்த சூடு பெட்டரியைக் கெடுக்கும். மவுஸ் தடவும் இடம் மேலே எழும்பினாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ பெட்டரி வீங்குகிறது என்று அர்த்தம். அன்றோடு சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், அடுப்பில் எறியவே கூடாது. நம்ம லயத்தில் ஒரே கூரை. ஒரு காம்பராவில் நெருப்பு பிடித்தால் பக்கத்துக் காம்பராக்களும் சேர்ந்து போகும். இரவில் படுக்கை மேல் வைத்து சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிற பிள்ளைகள் இங்கேயும் இருக்கிறீர்கள். இன்று இரவே அதைப் பலகைக்கு மாற்றுங்கள்.