ஓசையற்ற தட்டும் ஓசை தரும் பெட்டியும்

வெண்கலத்திற்கு ஒரு குரல் உண்டு. கோயில் மணியிலும் நட்டுவனார் கைத்தாளத்திலும் அக்குரலைத் தமிழர் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். மேலைநாட்டு வாத்தியக் குழுக்களில், முரசுகளுக்கு மேலே தாங்கிகளில் நிறுத்திக் கோலால் அடிக்கப்பெறும் அகன்ற தாளத்தட்டுகளும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. சிறந்த தட்டுகளை, 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலத்தால் ஆக்குவர். இத்தொழிலிற் புகழ்பெற்ற சில்ஜியன் குடும்பத்தார், தம் நிறுவனம் 1623ஆம் ஆண்டிலே கொன்ஸ்தாந்திநோப்பிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல் நகரில், தோன்றியதென்பர்.

அத்தகைய தட்டு ஒன்றில் மூன்று குரல்கள் அடங்கியுள்ளன. அதன் பரந்த உடலிற் கோல் நுனி பட்டால் தெளிந்த சிற்றொலி எழும். விளிம்பில் ஓங்கி அடித்தால் அலையெனப் பேரொலி பரவும். நடுவிலுள்ள குமிழைத் தட்டினால் மணியோசை கேட்கும். ஒலித்துக் கொண்டிருக்கும் தட்டின் விளிம்பை விரல்களாற் பற்றினால் ஒலி உடனே அடங்கும். இவை யாவும் உலோகத்தின் இயல்பு. எவரும் அதற்கு இவற்றைக் கற்பிக்க வேண்டியதில்லை.

இலத்திரனியல் தாளத்தட்டின் நிலையோ வேறு. அது பெரும்பாலும் பிளாஸ்ரிக்கின் மேல் இறப்பர் போர்த்திய ஒரு வட்டம். அதனைத் தனியே அடித்தால் ‘தொப்’ என்ற ஓசையன்றி வேறொன்றும் எழாது. அதன் குரல், பக்கத்திலிருக்கும் இலக்கமுறை ஒலிப்பெட்டியிலே சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றது. இப்பெட்டியையே மொடியூல் என வழங்குவர். இங்கிலாந்தின் சிம்மன்ஸ் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் அறுகோண வடிவான இலத்திரனியல் முரசுகளைப் பரப்பியது. 1997ஆம் ஆண்டில் யப்பானின் றோலண்ட் நிறுவனம் வலைத்தோல் முரசுகளுடன் கூடிய தொகுதியை வெளியிட்டது. நள்ளிரவிலும் காதணி ஒலிபன்னி பூண்டு, அயலாரின் துயில் கெடாது பயில இக்கருவிகள் வழி செய்தன. எனினும், தட்டு ஓரிடத்தும் குரல் வேறோரிடத்தும் இருப்பதால், இரண்டையும் சரிவர இணைத்து வைக்கும் பொறுப்பு மனிதனுடையதாயிற்று.

இணைப்பின் முதற்படி, தட்டை நிறுத்தும் முறையாகும். வெண்கலத் தட்டை எப்பக்கம் திருப்பினும் ஒன்றே. இறப்பர்த் தட்டிலோ விளிம்பு உணரி பல வேளைகளில் ஒரு பாதியில் மட்டுமே அமைந்திருக்கும். அப்பாதி வாசிப்பவரை நோக்கியிருத்தல் வேண்டும். தட்டு சுழன்றுவிடாதபடி தடுக்கும் சிறு தடையைத் தாங்கியிற் பொருத்தி, மேலுள்ள திருகைத் தட்டு சற்றே அசையுமளவுக்கு மட்டும் முடுக்குதல் நன்று. இறுக முடுக்கிய தட்டு அடியின் அதிர்ச்சியை மணிக்கட்டுக்கே திருப்பி அனுப்பும்.

அடுத்தது வடம். தட்டினுள் இருவகை உணரிகள் உண்டு. ஒன்று பீசோ எனப்படும் வில்லை. அது அதிர்வுக்கேற்பச் சிறு மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கும். மற்றொன்று, விளிம்பிலே நாடாப்போலப் பதிந்துள்ள ஆளி. வில்லை மட்டும் செய்தி அனுப்பினால், அடி உடலில் விழுந்ததென்று பெட்டி கொள்ளும். வில்லையும் ஆளியும் ஒருங்கே அனுப்பினால், விளிம்பில் விழுந்ததென்று கொள்ளும். அடியின்றி ஆளி மாத்திரம் அழுந்தி நின்றால், விரல்கள் பற்றியுள்ளன என்றுணர்ந்து ஒலியை அடக்கும். இவ்விரு செய்திகளும் சென்று சேர, செருகியில் மூன்று தொடுமுனைகள் கொண்ட ஸ்ரீரியோ வடம் தேவை. இரண்டு முனை வடத்தைச் செருகிவிட்டு, விளிம்பு ஒலிக்கவில்லை, பற்றினால் அடங்கவில்லை எனத் தட்டைக் குறைகூறுவோர் பலர். குமிழுக்கும் தனிக்குரல் வேண்டுமாயின், சில தட்டுகளுக்கு இரண்டு வடங்களும் பெட்டியில் இரண்டு வாயில்களும் தேவைப்படும். பெட்டியின் ஒலியளவைத் தாழ்த்தி, மின்னை நிறுத்திய பின்னரே வடங்களைச் செருகுதல் பாதுகாப்பான வழக்கம்.

பின்னர், எவ்வகைத் தட்டு இணைக்கப்பட்டுள்ளது என்பதைப் பெட்டியின் பட்டியலிலே தெரிவு செய்தல் வேண்டும். ஒரு நிறுவனத்தின் தட்டை மற்றொரு நிறுவனத்தின் பெட்டியோடு இணைக்கும்போது, செருகி பொருந்துவது கொண்டு யாவும் பொருந்தும் என்று துணிதல் கூடாது. உள்ளமைப்பு வேறுபடின் பெட்டி செய்தியைப் பிறழ உணரும்.

காலால் இயக்கும் ஹை-ஹற் என்னும் இணைத்தட்டுக்குத் தனிக்கவனம் வேண்டும். அது திறந்தது, மூடியது என்ற இரு நிலைகளில் மட்டும் நிற்பதன்று. இடைப்பட்ட பல நிலைகளிலும் அதன் ஒலி மாறும். ஆதலின், முற்றாக மூடிய நிலை எது, திறந்த நிலை எது என்பதைக் கருவியுடன் வந்த கையேடு கூறும் முறையிற் பெட்டிக்கு உணர்த்தல் வேண்டும். இதனை விடுத்தால், கால் மூடியிருக்கப் பெட்டி திறந்த ஒலியைத் தரும்.

இவற்றின் பின் வருவதே நுண்ணிய வேலை. அடியின் வலுவைப் பெட்டி எண்களாலே அறியும். 1983ஆம் ஆண்டில் அறிமுகமான மிடி என்னும் பொதுமொழியில் அவ்வலு 1 முதல் 127 வரை குறிக்கப்படும். வாசிப்பவர் தம் முழு வலுவோடு அடிக்கும்போது மாத்திரம் எண் உச்சத்தைத் தொடுமாறு உணர்திறனை அமைத்தல் வேண்டும். நடுத்தர அடிக்கே 127 தோன்றினால், அதற்கு மேல் எத்துணை ஓங்கி அடிப்பினும் வேறுபாடு இராது. அடுத்து, எவ்வளவு மெல்லிய அதிர்வை அடியென ஏற்பது என்னும் தொடக்க எல்லை. அதனை மிகத் தாழ்த்தினால் நிலத்தில் நடப்பவரின் காலடிக்கும் தட்டு ஒலிக்கும். மிக உயர்த்தினால் மெல்லடிகள் மறைந்தொழியும். பொய்யொலி எழும் வரை தாழ்த்திப் பின் சிறிதே உயர்த்துவது எளிய வழி.

ஒரே சட்டகத்திற் பல கருவிகள் பூட்டப்பட்டிருப்பின், முரசில் விழுந்த அடிக்குத் தட்டும் மறுமொழி கூறுவதுண்டு. அதனைத் தடுக்கும் அமைப்பு பெட்டியில் உளது. எனினும், முதலில் தட்டைத் தனித் தாங்கிக்கு மாற்றிப் பார்த்தலே அறிவுடைமை; அத்தடுப்பு மிகுந்தால், இரண்டையும் ஒருங்கே அடிக்கும்போது ஒன்று ஒலியாது போகும். ஓரடி ஈரடியாக ஒலிப்பதைத் தடுக்கும் அமைப்பும் அத்தகையதே. அது மிகுந்தால் விரைந்த அடிகள் விழுங்கப்படும்.

இவையெல்லாம் எந்திரம் பற்றிய சிறு செய்திகள் எனச் சிலர் கருதலாம். ஆனால், புதிதாகப் பயிலும் ஓர் இளைஞனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவனது மெல்லடி ஒலிக்கவில்லை. பிழை தன் கையினதென்றே அவன் நினைக்கின்றான். மேலும் வலுவாக அடிக்கின்றான். சில திங்களில் மென்மை என்பதே அவன் கைக்கு மறந்துவிடுகின்றது. மணிக்கட்டும் நோவெடுக்கின்றது. பின்னொரு நாள் மெய்யான வெண்கலத் தட்டின் முன் அமரும்போது, அவன் அடி பாடகரின் குரலை மூழ்கடிக்கின்றது. சில மணித்துளிகளிற் சீர்செய்திருக்கக்கூடிய ஓர் எண், ஒருவனுடைய கையின் பழக்கத்தையே கெடுத்துவிடுகின்றது.

ஆதலின், இத்தகைய கருவியை வாங்கித் தரும் பெற்றோரும், அதனைக் கொண்டு பயிற்றும் ஆசிரியரும், முதற் பாடத்திற்கு முன் ஒரு மணி நேரத்தை இவ்வமைப்புக்கு ஒதுக்குதல் வேண்டும். வாசிக்கப் போகும் பிள்ளையையே அமரச்செய்து, அதன் மெல்லடியையும் வல்லடியையும் கேட்டு எண்களை அமைத்தல் வேண்டும். வளர்ந்தவர் கைக்கு அமைத்த அளவு சிறுவர் கைக்குப் பொருந்தாது. பிள்ளை வளருந்தோறும் அளவுகளை மீண்டும் பார்த்தல் வேண்டும். வெண்கலம் எவர் கைக்கும் தானாகவே விடையளிக்கும்; இறப்பர்த் தட்டும் இலக்கமுறைப் பெட்டியும் கற்பித்தவாறே விடையளிக்கும். கைக்கேற்பக் கருவியை அமைப்பதே முறை. கருவிக்கேற்பக் கையை வளைப்பது முறையன்று.