பொம்மை வீடுகளால் பதில் சொன்ன பெண்மணி



"பெண்பிள்ளைக்கு இந்தத் துறை எதற்கு?" என்னும் கேள்வி புலம்பெயர்ந்த இல்லங்களிலும் இன்னும் ஓயவில்லை. ஓவியமும் கைவினையும் பொழுதுபோக்கேயன்றித் தொழிலாகா என்னும் எண்ணமும் அதனுடன் சேர்ந்தே வருகின்றது. இவ்விரண்டையும் பொய்ப்பித்த ஒரு பெண்மணி அமெரிக்காவில் வாழ்ந்தார். அவர் பெயர் பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ.

1878இல் சிக்காகோ நகரின் செல்வக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். அண்ணன் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் சென்றார். தங்கைக்கோ வீட்டுக் கல்வியுடன் தையலும் பின்னலுமே வாய்த்தன. அண்ணனின் நண்பரும் பொஸ்டன் நகரின் மரண விசாரணை மருத்துவருமான ஜோர்ஜ் மக்ராத், பயிற்சியற்ற காவலர்களால் தடயங்கள் அழிவதையும் கொலைகள் விபத்துகளாகக் கணிக்கப்படுவதையும் அவருக்கு எடுத்துரைத்தார். இதுவே தமது பணி என லீ துணிந்தபோது அவர் ஐம்பது வயதைக் கடந்திருந்தார்.

1931இல் ஹார்வர்டில் சட்ட மருத்துவத் துறை அமைவதற்கு அவரே நிதி வழங்கினார். ஆனால் அப்பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி பெண்களை மாணவராகச் சேர்த்துக்கொண்டது 1945இல்தான். பொருளை ஏற்ற இடம், அதைக் கொடுத்தவரின் இனத்தாரை ஏற்கப் பதினான்கு ஆண்டுகள் தயங்கிற்று. பள்ளிப்படிப்பும் பட்டமும் இல்லாமையும், வேலையற்ற செல்வச் சீமாட்டி எனத் தம்மை ஒதுக்கியமையுமே தாம் எதிர்கொண்ட பெரும் இடர்கள் எனப் பின்னாளில் அவர் குறிப்பிட்டார்.

அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. பெண்களுக்குரியவை என ஒதுக்கப்பட்ட கலைகளையே கருவியாக்கினார். 1940களில், உண்மை வழக்குகளைத் தழுவி, ஓர் அடியை ஓர் அங்குலமாகச் சுருக்கிய கொலைக்கள மாதிரிகளை உருவாக்கினார். வீடுகளைத் தச்சர் அமைத்தார். பொம்மைகளை அவரே செய்தார். நுண்ணிய ஊசிகளால் காலுறைகள் பின்னினார். இறந்த உடலின் நிறமாற்றத்தையும் பிசகின்றித் தீட்டினார். அம்மாதிரிகளில் உயிரிழந்து கிடப்போர் பலர் எளிய வீடுகளின் பெண்கள். எவரும் கூர்ந்து நோக்காத மரணங்கள் அவை.

1945 முதல் நடைபெற்ற கருத்தரங்குகளில் காவல் அதிகாரிகள் அம்மாதிரிகளைச் சுற்றி நின்று கற்றனர். ஓரத்தில் தொடங்கி வலஞ்சுழியாக நடுவை நோக்கிப் பார்வையைச் செலுத்துமாறு அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. குற்றவாளியை ஊகிப்பதன்று, முன்முடிவின்றிக் காண்பதே பாடம். 1943இல் நியூ ஹம்ப்ஷயர் மாநிலக் காவற்றுறை அவருக்குக் கப்டன் பதவி வழங்கியது. அப்போது அவருக்கு வயது 65.

1962இல் அவர் மறைந்தார். பால் அடிப்படையில் வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்த அமெரிக்கச் சட்டம் 1964இல் வந்தது. மாநில, உள்ளூராட்சிப் பணிகளுக்கு அது விரிவடைந்தது 1972இல். ஹார்வர்டின் அத்துறை மூடப்பட்டபின் பால்ட்டிமோர் நகருக்குச் சென்ற மாதிரிகள் அங்கும் பயிற்சிக்குப் பயன்பட்டன. 2017இல் வாஷிங்டனின் ரென்விக் கலைக்கூடத்தில் அவை கலைப்படைப்புகளாகவே காட்சிக்கு வைக்கப்பட்டன.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. அவருக்குக் கதவைத் திறந்த திறவுகோல் திறமை மட்டுமன்று; செல்வமும் கூட. அதே திறமையுடன் பிறந்து, பொருளின்றி வாசலிலேயே திரும்பிய பெண்கள் எத்தனை பேரோ! அவர்கள் பெயர்களை எந்த வரலாறும் எழுதி வைக்கவில்லை.

பெற்றோரே, மகளின் கையில் தூரிகையோ ஊசியோ கண்டால், அது எத்துறைக்கு வழியாகும் என்று அவளுடன் சேர்ந்து தேடுங்கள். ஐம்பது வயதுவரை அவளைக் காத்திருக்க வைக்காதீர்கள். இளம்பெண்களே, பணியிடத்தில் உங்கள் சொல் புறந்தள்ளப்படுமாயின் உங்களுக்குச் சட்டம் உண்டு. லீக்கு அது இருக்கவில்லை. இளைஞர்களே, உடன் பணிபுரியும் பெண் பேசும்போது செவிகொடுங்கள். முன்முடிவின்றிக் காண்பது கொலைக்களத்துக்கு மட்டும் உரிய பாடமன்று.